மார்க் குறைந்தால் கிரவுண்டு கட்டா?

காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்கு வருகிற வாரம் பள்ளி மைதானத்தில் ஆள் குறைந்துபோகும். எந்தப் பி.டி. ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நேற்றுவரை வாலிபாலில் நெட் ஓரம் நின்ற பையன் இன்று வரவில்லை. கோகோ அணியில் இரண்டு பேரைக் காணோம். காய்ச்சலா, காலில் அடியா என்று விசாரித்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை. "கணக்குல மார்க் கொறஞ்சிடுச்சு சார், அப்பா கிரவுண்டுக்குப் போகக் கூடாதுன்னுட்டார்."

அந்த அப்பா நாம்தான். அம்மாவும் நாம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர்களிடம் பேசுகிறேன். நானும் அப்படி ஒரு வீட்டுக்காரன் என்பதால் கொஞ்சம் கடிந்து பேசவும் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கில் 58 வாங்கியதற்கு வாலிபால் என்ன பாவம் செய்தது? நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு முடிகிற ஆட்டம். அதை வெட்டியாயிற்று. மிச்சப்பட்ட அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று என்றைக்காவது பார்த்தீர்களா? பையன் நாலரைக்கு வீட்டுக்கு வருகிறான், பையை சோபாவில் எறிகிறான், போனை எடுத்துக்கொண்டு குப்புறப் படுக்கிறான். ஆறு மணிக்கு டியூஷன். அரையாண்டில் மறுபடி 58, அதிகம் போனால் 60. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு இரண்டு நாள் லீவு போடச் சொன்னோமே, அப்போது கணக்கு நினைவுக்கு வரவில்லை. வீட்டில் எதை வெட்டினாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். மைதானத்துக்காகச் சண்டைபோட ஆள் கிடையாது என்பதால் முதல் வெட்டு அதற்கு.

படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? ஸ்வீடனில் மால்மோ நகரத்தின் புங்கெஃப்ளோ பகுதியில் 1999-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்த உடற்கல்வி வகுப்பை ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் ஆக்கினார்கள். ஒன்பதாம் வகுப்புவரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். தினமும் விளையாடிய பிள்ளைகளில் 96 சதவீதம் பேர் மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்றார்கள்; பழையபடி இரண்டு நாள் விளையாடியவர்களில் 89 சதவீதம். பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஓடினால் கணக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அல்ஜீப்ராவை உட்கார்ந்து போட்டுத்தான் ஆகவேண்டும். விளையாடியதால் மார்க் போயிற்று என்று சொல்லத்தான் நம்மிடம் ஒரு சான்றும் இல்லை.

இந்த வயதில் உடம்புக்குள் நடப்பதைக் கவனித்தால் நாம் செய்வது எவ்வளவு அநியாயம் என்று புரியும். பெண்பிள்ளைகள் மளமளவென்று உயர்வது பெரும்பாலும் 11, 12 வயதில். பையன்களுக்கு 13, 14. அந்த வளர்ச்சியின் உச்சத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், ஒருவர் பெரியவராகும்போது உடம்பில் இருக்கப்போகிற எலும்புச் சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பைக் கெட்டிப்படுத்துகின்றன. பால் மட்டும் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதாது. ஐம்பது வயதுக்கு மேல் நம் வீட்டுப் பெண்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிடுகிறார்களே, அதைத் தாங்குவதற்கான சேமிப்பைப் போடுகிற வயது இது. சரியாக இந்த வயதில்தான், "இனிமேல் படிப்பைப் பார்" என்று பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கிறோம்.

கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்களே என்று அதிசயப்படுகிறோம். சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியில் போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. போகாத பிள்ளைகளில் 39.5 சதவீதம். வெளிச்சம்தான் மருந்து. நம் ஊரில் அது இலவசமாக, வேண்டிய அளவுக்குமேல் கிடைக்கிறது. நாம்தான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு டியூப் லைட்டைப் போடுகிறோம்.

எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தில் ஒருநாள் கோகோ பயிற்சி பார்த்துக்கொண்டு நின்றேன். விளையாடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவார். தப்பி ஓடுகிறவர் எப்படி வேண்டுமானாலும் வளைந்து நுழைந்து ஓடலாம். துரத்துகிறவர் ஒரு திசை எடுத்துவிட்டால் திரும்பக் கூடாது, உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே குறுக்கே புகவும் கூடாது. அதனால் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகில் தட்டி "கோ" கொடுத்து அவரை எழுப்பிவிட வேண்டும். தனியாளாக எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிடிக்க முடியாதபடிதான் ஆட்டத்தையே அமைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வரிசையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மூக்குக் கண்ணாடி விழாமல் இருக்கப் பின்னால் ரப்பர் பேண்டு கட்டியிருந்தாள். எதிராளி பக்கத்தில் வந்ததும் "கோ" கொடுக்கும் முன்னாலேயே துள்ளி எழுந்துவிட்டாள். விசில். ஃபவுல். இரண்டு நிமிடத்தில் மறுபடி அதேதான். மூன்றாவது தடவையும் எழுந்தபோது மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எட்டாம் வகுப்புப் பெண், அதுதான் கேப்டன் போலிருக்கிறது, பக்கத்துக் கட்டத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "கையைத் தரையில ஊனிக்கோடி, தட்டினாத்தான் எடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பயிற்சி. அதற்கப்புறம் அந்தப் பெண் இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்திக்கொண்டு, ஆள் மூக்குக்கு நேராக ஓடினாலும் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு வயதில், துடிக்கிற உடம்பை அடக்கித் தன் முறைக்காகக் காத்திருக்க எந்த டியூஷன் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மாதம் எவ்வளவு ஃபீஸ்?

ஆறாம் வகுப்பு என்பது பல பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி. ஐந்தாவதுவரை பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளி, அதற்குமேல் பஸ் ஏறிப்போகிற பெரிய பள்ளி. வகுப்பில் நாற்பது புது முகங்கள். குரல் உடைகிறது, முகத்தில் பரு, திடீரென்று கையும் காலும் நீண்டு எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சம். அந்தக் கூச்சத்தில் வீட்டோடு அடைந்துகிடக்கிற பிள்ளையைத்தான் "ரொம்ப அமைதியான பையன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓர் அணியில் பன்னிரண்டாவது ஆளாக, தண்ணீர் பாட்டில் தூக்குகிறவனாக இருந்தாலும் அவனுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காரமாட்டான்.

இப்போது பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் 11 முதல் 17 வயதுவரையுள்ள மாணவர்களைப் பற்றிய கணக்கை 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்பது அளவுகோல். 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. உலகம் முழுக்கவே பெண்கள்தான் முதலில் மைதானத்தை விட்டுப் போகிறார்கள். நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் பையன்களையே முந்தியவள், ஏழாம் வகுப்பில் வயதுக்கு வருகிறாள். குச்சு கட்டி, சீர் வைத்து, புடவை கட்டி, போட்டோ எடுத்து, அழைப்பிதழ்கூட அடித்து ஊருக்குச் சொல்கிறோம். அதோடு ஓட்டம் நின்றது. "பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே என்ன குதியாட்டம்?" என்கிறார் பாட்டி. "வெயில்ல நின்னு கறுத்துப் போயிட்டா, நாளைக்கு யாரு கட்டுவா?" என்கிறார் அத்தை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற அவசரம்! அவள் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், பேப்பரைத் திருப்பிக்கொள்வார். அந்த மௌனமும் சம்மதம்தான்.

மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. முடியாத அன்று உட்காரட்டும், முடிகிற அன்று ஓடட்டும். லேசாக உடம்பை அசைத்தால் பலருக்கு வயிற்றுவலி குறையவே செய்கிறது. வளர்கிற பெண்ணுக்கு மார்பு வலிக்காமல் ஓட சரியான உள்ளாடை வேண்டும், ஸ்போர்ட்ஸ் பிரா என்று துணிக்கடையிலேயே கிடைக்கிறது. இதை அவளாக வாய்விட்டுக் கேட்கமாட்டாள். டி-ஷர்ட் ஒட்டிக்கொள்கிறது, யாரோ பார்க்கிறார்கள் என்ற ஒரே கூச்சத்தில் "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற பெண்கள் எத்தனையோ. இன்ட்ரஸ்ட் இல்லை என்று நாமும் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதி.

பாதுகாப்பு பற்றிய பயம் வேறு. அது நியாயமான பயம், அதைக் கேலி செய்யமாட்டேன். பயிற்சியாளர்கள் சிலர் கைதான செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். அந்தப் பயத்துக்குப் பிள்ளையை வீட்டில் பூட்டுவதுதான் மருந்தா? வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் கூடப் போகிறாரா, எங்கே தங்குகிறார்கள், உடை மாற்ற அறை உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று எழுதிக் கேளுங்கள். பயிற்சி நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் நில்லுங்கள். முறைவைத்துப் பெற்றோர் இருவர் தினமும் மைதானத்தில் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. கேள்வி கேட்கிற பெற்றோர் இருக்கிற இடத்தில் வாலாட்டுகிறவர்கள் குறைவு.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், ஆரம்மாள். மகளும் மருமகனும் அடுத்தடுத்து இறந்துபோக, கூலி வேலை செய்து இரண்டு பேத்திகளை வளர்த்தவர். மூத்த பேத்தி பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு அனுப்பினார். பொம்பளைப் பிள்ளையை ஓடவிடுகிறாயே என்று சொந்தபந்தம் பேசியதையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பேத்திதான் ரேவதி வீரமணி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர். அந்த அணியின் நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். இறுதிச் சுற்றுக்கு அவர்கள் போகவில்லை. அதனால் என்ன? படித்த, சம்பளம் வாங்குகிற, ஸ்கூட்டியில் போய்வருகிற நாம், ஆரம்மாள் வாங்கிக்கொண்ட பேச்சில் பத்தில் ஒன்றையாவது நம் பெண்ணுக்காக வாங்கிக்கொள்ளத் தயாரா என்பதுதான் கேள்வி.

ஒலிம்பிக் பேச்சை எடுத்ததும் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. உங்களுக்கும் வைத்திருக்கிறேன். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாதவர் ஒரு வகை என்றால், மைதானத்தையே டியூஷன் ஆக்கிவிட்டவர் இன்னொரு வகை. ஏழாம் வகுப்பிலேயே கிரிக்கெட் அகாடமி, அவனைவிடப் பெரிய கிட் பேக், காலை ஐந்தரைக்கு நெட், மாலை ஃபிட்னஸ், ஞாயிறு மேட்ச். டி.என்.பி.எல். எடுப்பான், பிறகு ஐ.பி.எல். என்று அப்பா பவுண்டரிக்கு வெளியே நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை டக் அவுட் ஆனால் காரில் வீடு வரும்வரை அர்ச்சனை. அந்த முக்கால் மணி நேரப் பயணத்துக்குப் பயந்தே விளையாட்டை வெறுத்துப்போன பிள்ளைகள் உண்டு. வளர்கிற எலும்பின் நுனிகள் இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காது. ஓயாமல் ஒரே அசைவைச் செய்தால் குதிகால் வலிக்கும், முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிக்கும். "வலியைத் தாங்கினாத்தான் சாம்பியன்" என்று வீர வசனம் பேசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே விளையாட்டில் பூட்டிப்போடுவதை 15 வயதுவரையாவது தள்ளிவையுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பும் சொல்கிறது. ஆடியில் கபடி, கார்த்திகையில் பேட்மின்டன், லீவில் நீச்சல் என்று மாறி மாறி ஆடட்டும்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் சர்டிபிகேட் வகை. குறுவட்டப் போட்டி முடிந்து பிள்ளை வியர்வையோடு ஓடிவருகிறான், "சர்டிபிகேட் கொடுத்தாங்களா? இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு இது செல்லுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் தனிப் பிரிவும் இருக்கிறது. உண்மைதான், நல்லதுதான். ஆனால் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போய் அந்த இடத்தைப் பிடிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மிச்சமிருக்கிற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு விளையாட்டால் ஒரு லாபமும் கிடையாதா? முதல் சுற்றிலேயே தோற்று, அரசுப் பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு, "நீதான்டா பந்தை விட்ட" என்று சண்டை போட்டபடி ஊர் திரும்புகிற பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. தோற்ற மறுநாளும் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதே ஆட்களோடு மறுபடி ஆடவேண்டும் என்று பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று நாம் எவ்வளவு பயந்து அவனை வேவு பார்க்கப்போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளிகளை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலேயே நீட் ஃபவுண்டேஷன் வைத்து எட்டாவது பீரியடை விழுங்குகிறார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது நம் காலத்திலிருந்து வருகிற வழக்கம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் 2023-ல், அப்படிக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அரங்கில் கைதட்டினார்கள். கடன் நின்றதா என்று உங்கள் பிள்ளையின் டைம் டேபிளையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அரசு நடுநிலைப் பள்ளிகளில் நிலைமை இன்னும் மெலிவு. 2012-ல் உடற்கல்வி, ஓவியம், கைத்தொழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு. மூன்று அரைநாளில் ஒரு மனிதர் எத்தனை பிள்ளைகளுக்கு விசில் ஊதுவார்?

ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்குமேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது இருக்கவேண்டும் என்கிறது. அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு நாம்தான், பெற்றோர்தான். அந்தக் குழுக் கூட்டத்தில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறோம். தனியார் பள்ளியிலோ பெற்றோர் கூட்டத்தன்று பி.டி. ஆசிரியரை வாசலில் நிறுத்தி நம் வண்டிகளுக்கு வழிகாட்ட விடுகிறார்கள். அவரைத் தாண்டிப் போய்க் கணக்கு மிஸ் முன்னால் வரிசையில் நிற்கிற நாம், அவரிடம் "என் பொண்ணு நல்லா ஓடுறாளா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எந்தப் பாடத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்கவில்லையோ அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் மதிக்காது. கட்டணம் கட்டுகிறவர்கள் வாயைத் திறக்கவேண்டும்.

சரி, திட்டியது போதும். அரையாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மார்க் குறைந்தால் போனை வாங்கி வையுங்கள், சினிமாவை வெட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள், மைதானத்தைத் தொடாதீர்கள். பொண்ணு, பையன் என்று பார்க்காமல் வாரத்தில் நாலு நாளாவது மாலையில் அனுப்புங்கள். குண்டாக இருக்கிறான், மெதுவாக ஓடுகிறாள் என்று ஒதுக்கிவைக்காதீர்கள், குண்டு எறியவும் கயிறு இழுக்கவும் ஆள் வேண்டாமா? திரும்பி வந்ததும் ஜெயித்தாயா என்று கேட்காமல் சாப்பிட ஏதாவது கொடுங்கள். நல்லதாக ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுங்கள். வளர்கிற கால்தானே என்று இரண்டு சைஸ் பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். ஓடும்போது தடுக்கிவிடும்.